இல்லத்தில் முதியோரைப் பேணல்: உடனிருப்போரின் வரலாறு

நம் நாட்டின் பழைய மருத்துவ நூல்கள் மருத்துவரை மட்டும் போற்றி நின்றுவிடவில்லை. நோயுற்றவர் அருகில் அமர்ந்து, வேளை தவறாது மருந்தூட்டி, உடம்பைத் துடைத்து, இரவில் கண்விழித்திருக்கும் ஒருவரையும் அவை மருத்துவத்தின் ஓர் உறுப்பாகவே எண்ணின. மருத்துவர்களின் வரலாற்றை எழுதியோர் பலர். மருந்துகளின் வரலாற்றை எழுதியோரும் உளர். அருகிருந்து பேணியவரின் வரலாற்றை எழுத முற்பட்டோரோ மிகச் சிலரே.

அந்த வரலாற்றை இன்று நாம் நினைத்துப் பார்ப்பதற்குத் தக்க காரணம் உண்டு. பிழைப்பின் பொருட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் புணேயிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், வயது முதிர்ந்த தாயையோ தந்தையையோ வீட்டிலேயே வைத்துப் பேணுவதற்கு அயலார் ஒருவரைச் சம்பளத்திற்கு அமர்த்த வேண்டிய நிலை வந்திருக்கிறது. கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் வீட்டில், பகற்பொழுது முழுவதும் முதியவரோடு தனித்திருக்கப்போகும் அந்த அயலார் யார்? எந்த அளவுகோலைக் கொண்டு அவரைத் தேர்ந்தெடுப்பது? தேர்வு பிழையானால் அதன் துன்பத்தை அனுபவிப்பவர், தம் குறையை வாய்விட்டுச் சொல்லவும் இயலாத முதியவரே. ஆதலின் இதனைச் சிறு விஷயமென்று தள்ளிவிடுதல் இயலாது.

அளவுகோலைத் தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானத்தில் மருத்துவத்திற்கு நான்கு பாதங்கள் கூறப்பட்டுள்ளன. மருத்துவர், மருந்து, உடனிருப்பவர், நோயாளி என்பன அவை. உடனிருப்பவருக்கு அந்நூல் வழங்கும் பெயர் 'உபஸ்தாதா' என்பது. அருகில் நிற்பவர் என்பது அச்சொல்லின் பொருள். அவருக்கு வேண்டிய குணங்களாகவும் நான்கு சொல்லப்படுகின்றன: பணிவிடை செய்யும் முறையை அறிந்திருத்தல், செயலில் திறமை, பேணப்படுபவரிடத்து அன்பு, தூய்மை.

திருக்குறளும் இதனையே உடன்படுகிறது. மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என்று மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறது. 'உழை' என்பது பக்கம் என்னும் பொருளது. எனவே, வடமொழிச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் ஒரே காட்சியைக் காட்டுகின்றன. இக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகரும் இந்த நான்காமவருக்குரிய இயல்புகளை எண்ணிச் சொல்கிறார். அன்புடைமை, மனமொழி மெய்களின் தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவுடைமை என அவையும் நான்கே. மொழி வேறாயினும் அளவுகோல் ஒன்றாயிருப்பதை நாம் கருத்திற் கொள்ள வேண்டும். இக்கட்டுரையின் இறுதியில் இந்நான்கிற்கும் மீண்டும் வருவோம்.

முதியோரைப் பேணுவதை அரசின் கடமையாகவும் கருதிய காலம் உண்டு. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகர் பொறித்த பாறைக் கட்டளைகளுள் இரண்டாவது, தம் நாட்டிலும் சோழ, பாண்டிய நாடுகள் உள்ளிட்ட எல்லைப்புறங்களிலும் மனிதர்க்கும் விலங்குகட்கும் மருத்துவ வசதி செய்யப்பட்டதைக் கூறுகிறது. ஐந்தாவது கட்டளை, அறத்தைக் கண்காணிக்கும் அதிகாரிகள் முதியோரின் நலனையும் நோக்கவேண்டும் என்கிறது. எட்டாவது, மன்னர் தம் பயணங்களில் முதியோரைக் கண்டு பொன் வழங்கியதைக் குறிப்பிடுகிறது.

தமிழ்நாட்டில் காஞ்சிபுரத்திற்கு அண்மையிலுள்ள திருமுக்கூடலில், 11-ஆம் நூற்றாண்டின் வீரராஜேந்திர சோழர் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அங்குள்ள கோயிலைச் சார்ந்து 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை நடந்துவந்ததை அது தெரிவிக்கிறது. மருத்துவர், அறுவை செய்வோர், மூலிகை கொணர்வோர் ஆகியோருடன், நோயாளிகளைப் பேணும் பெண்கள் இருவருக்கும் அதில் ஊதியம் வகுக்கப்பட்டிருக்கிறது. அருகிருந்து பேணுதல் அன்பின் செயல் மட்டுமன்று, கூலிக்குரிய உழைப்பும் ஆகும் என்பதை ஏறத்தாழ 950 ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் எழுதிவைத்தனர்.

ஆனால் கல்வெட்டு பேசுவது ஆதுலர்சாலையைப் பற்றி. இல்லத்தில் நடந்தது வேறு. கூட்டுக் குடும்பம் முதியோரைத் தாங்கியது என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்வது வழக்கம். அது பொய்யன்று. எனினும், அந்தக் கூட்டுக் குடும்பத்தில் பாயில் கிடந்த மாமியாரைப் புரட்டிப் படுக்கவைத்தவர் யார், மாமனாரின் எச்சிற்படிக்கத்தைக் கழுவியவர் யார் என்று கேட்டால், பெரும்பாலும் வீட்டு மருமகள் அல்லது சிறுவயதிலேயே கணவனை இழந்து பிறந்தகம் திரும்பிய பெண் என்பதே விடையாகும். அவளுக்கு ஊதியம் இல்லை, ஓய்வு நாளும் இல்லை, வேறு வழியும் இல்லை. கல்வி, வேலை, மறுமணம் ஆகியவற்றின் கதவுகள் பெண்களுக்குத் திறந்தபோது இந்த ஏற்பாடு தளர்ந்தது இயல்பே. அதனை எண்ணி வருந்துவோர், அது யாருடைய வாழ்நாளை விலையாகக் கொண்டு நடந்தது என்பதையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

சம்பளத்திற்கு வீட்டினுள் வந்து பேணும் பெண்ணை நாம் 'ஆயா' என்கிறோம். இச்சொல் போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்தது. ஐரோப்பியரின் வீடுகளில் குழந்தைகளை வளர்த்த பணிப்பெண்ணுக்கு வழங்கிய பெயர், பின்னர் நோயாளியையும் முதியவரையும் பார்த்துக்கொள்பவருக்கும் ஆயிற்று. தமிழ்நாட்டின் சில பகுதிகளில் பாட்டியையும் ஆயா என்றே அழைப்பர். பேணும் பெண்ணும் பேணப்படும் பெண்ணும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவது நம் வழக்கில் நேர்ந்த ஒரு பொருத்தம்.

முறையான பயிற்சி பெற்ற செவிலியர் இந்நாட்டில் தோன்றியது 19-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். சென்னையில் 1854-இல் மருத்துவச்சிகளுக்கும், 1871-இல் அரசு பொது மருத்துவமனையில் செவிலியருக்கும் பயிற்சி தொடங்கிற்று. ஆயினும், பிறர் உடம்பைத் தொட்டுச் செய்யும் பணி இழிந்தது என்னும் சாதி எண்ணம், இந்துக் குடும்பத்துப் பெண்களை நெடுங்காலம் இத்தொழிலை அணுகாது தடுத்தது. அத்தடையை எதிர்த்து நின்றவர்களுள் ரமாபாய் ரானடே முக்கியமானவர். 1909-இல் தொடங்கிய புணே சேவா சதனத்தின் வாயிலாக, விதவைகள் உள்ளிட்ட பெண்களை ஸாஸூன் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிக்கு அனுப்ப அவர் வழிசெய்தார். வீட்டு மூலையில் ஊதியமின்றிச் செய்த அதே பணியை, கல்வியும் சம்பளமும் மதிப்பும் உடைய தொழிலாகப் பெண்கள் மேற்கொண்டது அப்போதுதான்.

இதே காலத்தில் இங்கிலாந்தில் வேறொரு வளர்ச்சி நிகழ்ந்தது. லிவர்பூல் நகரத்து வணிகரான வில்லியம் ராத்போன், நோயுற்று இறுதிநிலையிலிருந்த தம் மனைவியை வீட்டில் பேணுவதற்கு மேரி ராபின்சன் என்னும் செவிலியை அமர்த்தியிருந்தார். மனைவி இறந்தபின், செல்வமுடைய தமக்கே இவ்வுதவி இத்துணை ஆறுதல் தந்ததெனில் ஏழைகளின் வீட்டில் இது எவ்வளவு பயன்படும் என்று எண்ணிய அவர், 1859-இல் அச்செவிலியையே ஏழைகளின் இல்லங்களுக்கு அனுப்பினார். வீடு தேடிச் செல்லும் செவிலியர் அமைப்பு அவ்வாறு பிறந்தது. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலின் ஆலோசனையும் அதற்குத் துணையாயிற்று.

இந்தியாவும் வீடு தேடிச் செல்லும் முறையைக் கைக்கொண்டது. ஆனால் அது தாய்சேய் நலத்தின் பொருட்டு. தில்லியில் 1918-இல் தொடங்கியதும் லேடி ரீடிங்கின் பெயரைத் தாங்குவதுமான சுகாதாரப் பள்ளி, வீடுவீடாகச் சென்று தாய்மார்க்கும் சிசுக்களுக்கும் உதவும் பெண்களைப் பயிற்றுவித்தது. சிசு மரணம் மிகுந்திருந்த நாட்டில் அதுவே முதற்கடமையாயிருந்தது. முதுமை அன்று பொதுப் பிரச்சினையாகத் தோன்றவில்லை. அதற்கு மக்கள்தொகைக் கணக்கே சான்று. 1941 முதல் 1951 வரையான பத்தாண்டில் பிறப்பின்போது எதிர்பார்த்த சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகளே. 1951-இல் 60 வயது கடந்தோர் ஏறத்தாழ 2 கோடியினர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவர்கள் 10 கோடியைக் கடந்துவிட்டனர். தமிழ்நாட்டில் பத்துப் பேருக்கு ஒருவருக்கு மேல் முதியவர் என்னும் நிலையும் அப்போதே வந்துவிட்டது.

செவிலியர் தொழிலைச் சட்டத்தின்கீழ்க் கொணர்ந்ததில் சென்னை மாகாணம் முன்னோடி. 1926-இல் சென்னைச் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் இயற்றப்பட்டது. அதன்பின் பெயர்ப்பதிவு பெற்ற செவிலியர் யார் என்று எவரும் கேட்டறியக் கூடியதாயிற்று. நாடு முழுவதற்குமான இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் 1947-இல் வந்தது. ஆனால் எண்ணிக்கையோ மிகக் குறைவு. 1946-இல் அறிக்கையளித்த போர் குழு, நாட்டில் ஏறத்தாழ 7,000 செவிலியரே உள்ளனர், 43,000 மக்களுக்கு ஒருவர் என்னும் விகிதமே இருக்கிறது என்று கணக்கிட்டது. மருத்துவமனைகளுக்கே போதாத செவிலியர் இல்லங்களுக்கு எவ்வாறு கிடைப்பர்? ஆகவே பதிவும் பயிற்சியும் மருத்துவமனைச் செவிலியரோடு நின்றன. வீட்டில் முதியவர் அருகில் இருப்பவர் எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாமலே போனார். இன்று நாம் படும் இடர்ப்பாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இனித் தமிழர் குடியேற்றத்தின் கதையை நோக்குவோம். ரயில்வே, கணக்குத் தணிக்கை, தலைமைச் செயலகம் முதலிய அலுவலகங்களில் வேலை ஏற்றுத் தமிழர் வடக்கே சென்றனர். பம்பாயின் மாதுங்கா, கல்கத்தாவின் ஏரிச் சந்தைப் பகுதி, தில்லியின் கரோல்பாக் ஆகிய இடங்கள் அவர்களின் வட்டாரங்களாயின. தில்லித் தமிழ்ச் சங்கம் 1946-இல் தோன்றிற்று. அத்தலைமுறையில் பெற்றோர் பெரும்பாலும் ஊரிலேயே தங்கினர். 1880-இல் தொடங்கிய மணியார்டர் முறையே மகனுடைய கையாக இருந்து அவர்களைத் தாங்கிற்று. மாதந்தோறும் பணம் சென்றது. உடனிருப்பு ஊரிலிருந்த உறவினர் பொறுப்பாயிற்று. அந்த உறவினரும் பின்னர் ஊரை விட்டு வெளியேறியபோது, பெற்றோரை அழைத்துக்கொண்டு வருவதோ, ஊரிலேயே ஓர் ஆளை அமர்த்துவதோ அன்றி வேறு வழி இல்லாதாயிற்று.

பெருநகரங்கள் இதற்குத் தத்தம் வழியில் விடை கண்டன. கொல்கத்தாவில் தெருவுக்குத் தெரு 'ஆயா சென்டர்' என்னும் பலகையைக் காணலாம். பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் எனப் பன்னிரண்டு மணி நேர முறையில் அவை பெண்களை அனுப்புகின்றன. கேரளத்தில் இத்தகையோருக்கு 'ஹோம் நர்ஸ்' என்று பெயர். நர்ஸ் என்னும் சொல் பெயரில் இருப்பினும், அவருள் பலர் செவிலியர் படிப்பு முடித்தவரல்லர். தில்லியில் 'அட்டெண்டெண்ட்' என்பர். மகாராஷ்டிரத்தில் இப்பணி செய்யும் பெண்ணை 'மாவ்ஷி' என்றும், வங்காளத்தில் 'மாஸி' என்றும் அழைப்பர். இரண்டும் தாயின் சகோதரியைக் குறிக்கும் சொற்கள். உறவுப்பெயர் சொல்லி அழைப்பது நல்ல வழக்கமே. ஆனால் சித்தி என்று அழைத்துவிட்டு விடுமுறையும் நியாயமான ஊதியமும் தர மறுப்போமாயின், அது பழைய கூட்டுக் குடும்பத்தின் குறையை வேறொரு பெண்ணின் தலையில் ஏற்றுவதே ஆகும்.

சட்டம் இத்துறையில் என்ன செய்தது? 1956-இல் இயற்றிய இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம் முதிய பெற்றோரைப் பேணும் கடமையை மகனுக்கும் மகளுக்கும் விதித்தது. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைத் தொகுப்பின் 125-ஆம் பிரிவு, மத வேறுபாடின்றிப் பெற்றோர் ஜீவனாம்சம் கோர இடமளித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய தொகுப்பில் இது 144-ஆம் பிரிவாக அமைந்துள்ளது. 2007-இல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் தனியே வந்தது. இவையாவும் 'யார் பணம் தரவேண்டும்' என்னும் வினாவுக்கே விடை கூறின. 'யார் அருகில் இருப்பார், அவருக்கு என்ன தகுதி வேண்டும்' என்னும் வினாவைத் தொடவில்லை.

அவ்வினாவைத் தொட முயன்றது 2019 டிசம்பரில் மக்களவையில் கொணர்ந்த திருத்த மசோதா. வீட்டுக்கு வந்து பேணும் சேவை நிறுவனங்களையும் ஒழுங்குமுறைக்கு உட்படுத்த அது முற்பட்டது. ஆனால் அது நிறைவேறுமுன்பே 2024-இல் அந்த மக்களவையின் காலம் முடிந்தமையால் மசோதாவும் காலாவதியாயிற்று. அவ்வாண்டிறுதியில் 70 வயது கடந்த அனைவருக்கும் ஆயுஷ்மான் பாரத் திட்டம் விரிவாக்கப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை அது உதவும். எனினும் அது மருத்துவமனைச் சிகிச்சைக்கே உரியது. வீடு திரும்பிய பின் தொடரும் நெடுநாள் பணிவிடைக்கு அத்தொகை உரியதன்று.

நம்பிக்கை தரும் முன்மாதிரிகளும் உண்டு. கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலிநிவாரண இயக்கம், அக்கம்பக்கத்துத் தொண்டர்களைப் பயிற்றுவித்து, படுக்கையிற் கிடப்போரை அவரவர் இல்லத்திலேயே காணும் முறையைக் கேரளம் முழுவதும் பரப்பிற்று. 2008-இல் அம்மாநில அரசு அதனைத் தன் கொள்கையாக ஏற்றது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-இல் பேராசிரியர் வி. எஸ். நடராஜன் முதியோருக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளையும், இயன்முறைச் சிகிச்சையையும், வலிநிவாரணப் பேணலையும் வீட்டு வாயிலுக்குக் கொண்டுசெல்கிறது. பெற்றோரை ஊரில் விட்டு வெளிமாநிலத்தில் வாழ்வோர், அவ்வூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதனை விசாரித்தல் நலம்.

இவ்வாறு பார்க்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. மருத்துவமனைச் செவிலியருக்கு மன்றம் உண்டு, பதிவேடு உண்டு, தவறினால் கேட்பாரும் உண்டு. இல்லத்தில் உடனிருப்பவருக்கு அத்தகைய மன்றம் இல்லை. எனவே, மன்றம் செய்யவேண்டிய சோதனையை இன்று அமர்த்தும் குடும்பமே செய்யவேண்டியிருக்கிறது. அதனை எவ்வாறு செய்வது?

முதற்கண், தேவை எத்தகையது என்று வகுத்துக்கொள்ள வேண்டும். தாமே நடமாடி, தாமே குளிக்கக்கூடிய முதியவருக்கு வேண்டுவது துணை. வேளைக்கு உணவும், மருந்தை நினைவூட்டலும், பேச்சும் போதும். குளிப்பாட்டவும், கழிவறைக்கு அழைத்துச் செல்லவும், படுக்கையில் புரட்டவும் ஆள் வேண்டுமெனில், அதற்குப் பயின்ற உதவியாளர் வேண்டும். ஊசி போடுதல், மூக்குவழி உணவுக் குழாய், சிறுநீர்க் குழாய், புண்ணுக்குக் கட்டுக் கட்டுதல் ஆகியவை இருப்பின் பதிவுபெற்ற செவிலியே வேண்டும். அவரிடம் மாநிலச் செவிலியர் மன்றத்தின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபார்த்தல் முறையே. துணை மட்டும் வேண்டிய இடத்தில் செவிலிக்குரிய கட்டணம் செலுத்துவது வீண். செவிலி வேண்டிய இடத்தில் உதவியாளரைக் கொண்டு ஊசி போடுவித்தலோ அபாயம்.

அடுத்து, நம் முன்னோர் வகுத்த நான்கு குணங்களைச் சோதிக்க வேண்டும். முதலாவது, அறிவு. படுத்த படுக்கையாயிருப்பவரை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பீர்கள் என்று கேளுங்கள். பகலில் ஏறத்தாழ இரண்டு மணிக்கொரு முறை என்று சொல்பவர், படுக்கைப் புண் என்னவென்று அறிந்தவர். எவ்வாறு உணவூட்டுவீர்கள் என்று கேளுங்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, சிறுசிறு கவளமாகக் கொடுத்து, உண்டபின் அரைமணி நேரமேனும் படுக்கவிடாதிருப்பேன் என்பவர் புரையேறும் ஆபத்தை உணர்ந்தவர். முதியவர் கீழே விழுந்தால், அவசரப்பட்டுத் தூக்காமல் முதலில் அடிபட்ட இடத்தைப் பார்ப்பவரே தேர்ந்தவர்.

இரண்டாவது, வன்மை. இது பேச்சில் தெரியாது, செயலில்தான் தெரியும். முதல் ஒரு வாரத்தைச் சோதனைக் காலமாகக் கொண்டு, குடும்பத்தினர் ஒருவர் விடுப்பெடுத்து உடனிருத்தல் வேண்டும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது அவர் முதியவரின் கையைப் பிடித்து இழுக்கிறாரா, உடம்பைத் தாங்கி எழுப்புகிறாரா என்பதைக் கவனித்தால் பெரும்பகுதி விளங்கிவிடும்.

மூன்றாவது, அன்பு. முதல் நாள் வந்தவர் யாரிடம் பேசுகிறார் என்று பாருங்கள். மகனிடமும் மருமகளிடமும் மட்டும் பேசிவிட்டு, பேணப்படவேண்டியவரை ஒரு பொருளைப் போல நோக்குபவர் நாளடைவில் எவ்வாறு நடப்பார் என்று ஊகிக்கலாம். முதியவரின் கருத்தையும் நாம் கேட்டறிய வேண்டும். தம் உடம்பைத் தொடப்போகிறவர் ஆணா பெண்ணா என்பது முதலாக, தமக்கு ஒவ்வாததைச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. 'உங்கள் நன்மைக்கே' என்று அவ்வுரிமையைப் பறித்தல் தகாது.

நான்காவது, தூய்மை. கைகழுவுதல் முதலான உடல் தூய்மையும், பணம் பொருள் ஆகியவற்றில் நேர்மையும் இதில் அடங்கும். அடையாளச் சான்றை வாங்கி வைத்தலும், காவல்நிலையத்தில் விவரம் பதிந்து சரிபார்த்தலும், முன்பு பணிபுரிந்த வீட்டாரை விசாரித்தலும் குற்றமாகா. நகை, ரொக்கம், வங்கி அட்டை ஆகியவற்றை அவர் பொறுப்பில் விடாதிருத்தல் இருவருக்கும் பாதுகாப்பு. மருந்து கொடுத்த வேளை, உண்ட உணவு, மலசலம், உறக்கம் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் செய்தால், மருத்துவரிடம் காட்டவும் உதவும்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு ஐந்தாவதாக ஒன்று உண்டு. அது மொழி. ஊரிலிருந்து வந்த தாய்க்கு இந்தி தெரியாது, உடனிருப்பவருக்குத் தமிழ் தெரியாது. மறதி நோய் கண்டவர்களுள் பலர் பிற்காலத்தில் கற்ற மொழிகளை முதலில் இழந்து, தாய்மொழியிலேயே நிற்பதைக் காண்கிறோம். நாற்பதாண்டு தில்லியில் இந்தி பேசிய தந்தைகூட ஒருநாள் தமிழில் மட்டுமே தண்ணீர் கேட்கலாம். 'பசிக்கிறது', 'வலிக்கிறது', 'குளிர்கிறது', 'திருப்பிப் படுக்க வை', 'போதும்' என்பன போன்ற இருபது சொற்களை உடனிருப்பவரின் எழுத்திலேயே எழுதி, பொருளும் குறித்துச் சுவரில் ஒட்டிவைத்தல் சிறு வேலைதான். வலியைச் சொல்லியும் பிறருக்குப் புரியாத துன்பத்தை அது பெரிதும் குறைக்கும்.

ஏஜென்சி வாயிலாக அமர்த்துவோர் சில செய்திகளை எழுத்தில் பெற்றுக்கொள்ளல் வேண்டும். பணி நேரம் எவ்வளவு, ஆள் வராத நாளில் மாற்றாள் உண்டா, விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது, நாம் செலுத்தும் தொகையில் பணிபுரிபவர் கைக்குச் செல்வது எவ்வளவு என்பன அவை. கடைசி வினாவைப் பலர் கேட்பதில்லை. பாதித் தொகைகூடத் தமக்கு வாராத பெண், அடுத்த வீட்டில் சற்று மிகுதியாகக் கிடைத்ததும் சென்றுவிடுவாள். முதியவரோ மீண்டும் ஒரு புதிய முகத்துக்குப் பழகவேண்டியவராவார். இருபத்துநான்கு மணி நேரமும் ஒருவரே உடனிருப்பதென்றால், அவர் உறங்கும் நேரம் எது என்பதையும் நாமே வகுக்க வேண்டும். இரவில் பலமுறை எழுப்பும் நோயாளிக்கு இரண்டாவது ஆள் தேவை. வாரத்தில் ஒருநாள் ஓய்வு, தனிப்படுக்கை, வயிறார உணவு ஆகியவை சலுகைகள் அல்ல. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டையும் ஒரு பணியிடமாகவே கணக்கிடுகிறது என்பதை வீட்டார் மறத்தலாகாது.

அமர்த்திவிட்டதனால் நம் கடமை தீர்ந்ததென்று இருத்தலும் கூடாது. 2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, பல குடியிருப்புகளில் வெளியிலிருந்து வரும் பணியாளர்கள் உள்ளே நுழைய இயலவில்லை. தாயை எவ்வாறு குளிப்பாட்டுவது, தந்தைக்கு எந்த வேளைக்கு எந்த மாத்திரை என்பதை அன்று புதிதாகக் கற்ற பிள்ளைகள் உண்டு. வாரத்தில் ஒருநாளேனும் அப்பணியைக் குடும்பத்தினரே செய்துவந்தால், தேவையும் தெரியும், பணிபுரிபவரின் அருமையும் தெரியும், முதியவரின் உடம்பில் தோன்றும் சிறு மாற்றமும் கண்ணிற் படும். துன்புறுத்தலோ புறக்கணிப்போ நேர்ந்ததாக ஐயம் எழுந்தால், 2021 முதல் நாடெங்கும் இயங்கும் முதியோர் உதவித் தொலைபேசி எண் 14567-ஐ அழைக்கலாம்.

சோழர் காலத்துக் கல்வெட்டு, பேணிய பெண்களுக்கு இவ்வளவு ஊதியம் என்று வரையறுத்தது. 1926-ஆம் ஆண்டுச் சட்டம், செவிலிக்குப் பதிவேடு தந்தது. இல்லத்தில் முதியவர் அருகில் இருப்பவருக்கும் பயிற்சியும் பதிவும் பாதுகாப்பும் தரும் சட்டம் ஒருநாள் வரவேண்டும். அது வரும் வரையில் அந்தப் பதிவேட்டின் பணி நம் ஒவ்வொருவர் வீட்டிலும் நடைபெற வேண்டியதே. அறிவும் வன்மையும் அன்பும் தூய்மையும் உடையவரைத் தேடுவோம். அத்தகையவர் கிடைத்தால், அவர் நம் இல்லத்தில் நிலைத்துப் பணிபுரியுமாறு அவரை நடத்துவோம்.